ராசாத்தியா, சாமி சேவலா?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் கோழித் தீனியைப் பற்றியோ கூட்டுக்கு அடிக்கும் மருந்தைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பொரித்த அன்றே குஞ்சைக் கையில் கவிழ்த்து, அடியில் ஒரு பார்வை பார்த்து, சேவலை ஒரு பெட்டியிலும் பெட்டையை இன்னொரு பெட்டியிலும் போட்டுவிடுகிறீர்கள். நான் உத்தியோகத்தில் சேர்ந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அந்த வித்தை இலங்கையில் சப்ரகமுவ பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் கொண்டையைப் பார்ப்போம், காலைப் பார்ப்போம், வால் முளைக்கும் விதத்தைப் பார்ப்போம். அதிலும் பிடிபடாவிட்டால் கேட்டவருடைய முகத்தைப் பார்ப்போம். கோழியைப் பார்க்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முகத்தைப் பார்க்க யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கோழி வளர்ப்புப் போதனாசிரியர் என்பது என் உத்தியோகத்தின் பெயர். தோட்டத்து லயக் குடியிருப்புகளில் இருந்த ஜனங்களுக்கு அது வாயில் நுழையவில்லை. 'கோழி ஐயா' என்று சுருக்கிவிட்டார்கள். கேகாலையிலிருந்து பஸ் ஏறினால் போதும், வரக்காப்பொல கடைத்தெருவில் ஜன்னல் வழியாக ஒரு கை உள்ளே வரும். கையில் ஒரு குஞ்சு கத்திக்கொண்டிருக்கும். "கோழி ஐயா, சேவலா பொட்டையா, சொல்லிட்டுப் போங்க!" டிரைவரும் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே காத்திருப்பார். அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

எனக்கு மேலே இருந்த பெரியவர் ஒருவர், யார் எந்தக் குஞ்சைக் கொண்டு நீட்டினாலும் ஒரே பதில்தான் சொல்வார்: "டீ வரட்டும்." டீ வந்து, ஆறி, குடித்து முடிக்கும்வரை குஞ்சைத் தொடமாட்டார். தரையில் விடச் சொல்லிவிட்டு வேறெதையோ பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன். "பிடிச்ச கோழி பயந்த கோழி. பயந்ததுகிட்ட ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. எறக்கி விட்டா அதுவே நடந்து காட்டும்" என்றார். ஓசி டீக்கு இப்படி ஒரு காரணமா என்று அன்று நினைத்தேன். ஓசி டீயும் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கோழியைப்போலவே கேட்க வந்தவரும் டீ ஆறுவதற்குள் தான் எதற்காக வந்தோம் என்பதைக் காட்டிவிடுவார் என்று எனக்குப் பிற்பாடு விளங்கியது.

வரக்காப்பொலயில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் வீட்டில் நடந்தது இது. பிள்ளைகள் செல்லமாக வளர்த்த ஒரு குஞ்சு. கடைக்காரருக்கு அது பெட்டையாக இருக்க வேண்டும், முட்டை கிடைக்கும். அவர் மனைவிக்கு அது சேவலாக இருக்க வேண்டும். மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளிடம் இரண்டு பேரும் எதையும் சொல்லவில்லை. நூலில் மோதிரத்தைக் கட்டிக் குஞ்சின் முதுகுக்கு மேலே தொங்கவிட்டால், வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல் என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு. கடைக்காரர் பிடித்தார். மோதிரம் வட்டமாகச் சுற்றியது. மனைவி வாங்கிப் பிடித்தார். நேராக ஆடியது.

"நீங்க கைய ஆட்டுறீங்க" என்றார் கடைக்காரர்.

"அல்லா அறிய நான் ஆட்டல்ல. ஒங்க கைதான் முட்டைக் கணக்கு பாக்குது" என்றார் அந்த அம்மா.

கடைசியில் என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். நான் பிடித்தபோதும் மோதிரம் நேராகத்தான் ஆடியது. அன்று காலையில் நான் சாப்பிடாமல் பஸ் ஏறியிருந்தேன். சமையல்கட்டிலிருந்து நெய் மணம் வந்துகொண்டிருந்தது. உடனே நூலைக் கீழே வைத்துவிட்டேன். நமக்கு ஒரு ஆசை இருந்தால் விரலுக்கும் அது தெரிந்துவிடுகிறது. நாம் ஆட்டவில்லை என்று சத்தியம் செய்யலாம், சத்தியம் பொய்யாகவும் இருக்காது, ஆனால் நூல் ஆடும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கேகாலைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணி ஒருவர் இருந்தார். கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, பூண் போட்ட தடி. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அடுத்த தோட்டத்தில் அதே பெயருள்ளவனும் "வந்துட்டேங்க" என்று ஓடி வருவானாம். அப்படிப்பட்ட தொண்டை. அவர் ஆள் அனுப்பி என்னை வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினால், ரோட்டோரத்தில் அவரே நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களே எறங்கி வரணுமா, கங்காணி?" என்றேன்.

"சும்மா. இந்தப் பக்கம் ஒரு வேல இருந்துச்சு."

அந்தப் பக்கம் ரோட்டையும் ஒரு மதகையும் தவிர எதுவும் இல்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறத் தொடங்கினோம். கொஞ்ச தூரம் போனதும் கங்காணி பேச்சை எடுத்தார். "வீட்டுல ஒரு கோழிக்குஞ்சு இருக்குங்க. சேவலா பொட்டையான்னு பாக்கணும். பாத்த ஒடனே பொட்டன்னு தெரிஞ்சிரும். நடையே பொட்ட நடதான். மொகமும் அப்புடித்தான். நான் ஒண்ணும் சொல்லல, நீங்க பாத்து சொல்லுங்க."

"நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே. அப்புறம் நான் எதுக்கு?"

"வீட்டுல நம்ப மாட்டேங்குறாங்க" என்றார். இதைச் சொல்லும்போது அந்தத் தொண்டையிலிருந்து பாதிச் சத்தம்தான் வந்தது.

வீட்டு வாசலில் அவருடைய மனைவி நின்றிருந்தார். கங்காணி கை கழுவப் போன சமயம் பார்த்து என் அருகே வந்தார். "சாமி சேவலப் பாக்கத்தானுங்க வந்தீங்க? நல்லா பாருங்க ஐயா. சேவல்தான். காலப் பாத்தீங்கன்னாலே தெரியும், எம்மாம் மொத்தம்!"

ஒரே குஞ்சு. வீட்டுக்காரர் அதை 'ராசாத்தி' என்கிறார், வீட்டுக்காரி 'சாமி சேவல்' என்கிறார். நான் பெரியவரை நினைத்துக்கொண்டு, "டீ வரட்டும் அம்மா" என்றேன்.

டீயோடு கதையும் வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பு கங்காணி குளிர் காய்ச்சலில் விழுந்து, பிழைப்பாரா என்ற நிலைக்குப் போய்விட்டார். அப்போது வீட்டு மூலையில் ஒரு கோழி அடையில் இருந்திருக்கிறது. அந்த அம்மா மலைமேல் இருக்கும் முனியாண்டி கோயிலுக்கு ஓடி, "இவர எழுப்பி விட்டுரு சாமி. இந்த அடையில பொரிக்கிற சேவல ஒனக்குக் குடுத்துர்றேன்" என்று நேர்ந்துகொண்டார். குஞ்சுகள் பொரித்தன. காய்ச்சலும் மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஆனால் குஞ்சுகளில் சிலதைப் பருந்து கொண்டுபோனது. கீரி ஒன்று வந்து தாய்க்கோழியையும் மற்றவற்றையும் முடித்தது. மிஞ்சியது இது ஒன்றுதான். அடுத்த வாரம் கோயில் திருவிழா. இது சேவல் என்றால் நேர்ந்தபடி முனியாண்டிக்கு. பெட்டை என்றால் அடுத்த அடைவரை பொறுக்கலாம்.

மனைவி எதற்காகச் சேவல் என்கிறார் என்பது விளங்கியது. கங்காணி எதற்காகப் பெட்டை என்கிறார் என்பதைக் குஞ்சே காட்டிக்கொடுத்தது. தரையில் விட்டதும் அது நேராகப் போய் அவருடைய கால்மேல் ஏறி உட்கார்ந்தது. "சீ, போ அங்கிட்டு" என்று அதட்டி, தடி நுனியால் பட்டும் படாமலும் தள்ளினார். மறு கை கோட்டுப் பைக்குள் போய் நொய்யரிசியோடு வெளியே வந்தது. அக்கம்பக்கத்து லயத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். நேராகப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

கோயில் பூசாரியும் வந்து ஓரமாக நின்றிருந்தார். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒல்லியான மனிதர். தோட்ட வேலையில் கங்காணி சொன்னதற்கெல்லாம் "சரிங்க" என்பார். கோயிலில் அவர் சொன்னதற்கெல்லாம் கங்காணி "சரி" என்பார்.

நான் குஞ்சைப் பார்க்கத் தொடங்கினேன். தாய் நாட்டுக்கோழி. தகப்பன் துரை பங்களாவில் இருந்த சீமைச் சேவல் என்று ஊர்ப் பேச்சு. அப்படிக் கலந்த குஞ்சுகள் சீக்கிரத்தில் பிடி கொடுக்காது. கொண்டையில் லேசாகச் சிவப்பு ஓடியிருந்தது, கால் பருமன், இரண்டும் சேவல் பக்கம். முதுகின் உருட்சியும் வால் முளைத்த அழகும் பெட்டை பக்கம். எங்களுக்கு ஒரு சோதனை உண்டு. தொப்பியைக் கழற்றிக் குஞ்சின் தலைக்கு மேலாக வீசவேண்டும். சேவல் குஞ்சு கழுத்தை நிமிர்த்தி விறைத்து நிற்கும். பெட்டை பதுங்கித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நான் தொப்பியை வீசினேன். அது மல்லாந்து விழுந்தது. குஞ்சு நிமிரவும் இல்லை, பதுங்கவும் இல்லை. ஓடிப்போய்த் தொப்பிக்குள் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, வசதியாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"என்னங்க அர்த்தம் இதுக்கு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"தொப்பி நல்ல தொப்பின்னு அர்த்தம்" என்றார் இன்னொருவர்.

சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். கங்காணியின் கை தடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

இளையவர்களே, இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். என் மனம் சேவல் பக்கம் சாய்ந்திருந்தது, அது உண்மை. சேவல் என்று சொன்னால் அந்த அம்மாவின் பயம் தீரும், என் பெயரும் நிற்கும். பெட்டை என்று சொன்னால் குஞ்சு பிழைக்கும், தோட்டத்தின் பெரிய மனிதர் ஆயுசுக்கும் எனக்கு நண்பர். இரண்டு பதிலுக்கும் அங்கே ஆள் இருந்தது. என்னிடம் இருந்த பதிலுக்குத்தான் யாரும் இல்லை. ஆனால் மனம் சாய்வது வேறு, தெரிவது வேறு. இந்தச் சாய்வை நம்பி ஒருவர் கத்தியை எடுக்கப்போகிறார்.

"தெரியல அம்மா" என்றேன். "இன்னும் கொஞ்சம் வளரணும். இப்ப யாரு சொன்னாலும் அது ஊகந்தான்."

"தெரியலையா?" என்றார் அந்த அம்மா. "பஸ்ஸு புடிச்சு, தொப்பி போட்டுக்கிட்டு, தெரியலன்னு சொல்லவா வந்தீங்க? அத இங்க இருக்குற எல்லாருமே சொல்லிருவாங்களே!"

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. என் காதுகள் சூடாகிவிட்டன. அப்போது பூசாரி முன்னால் வந்தார்.

"ஐயா சொல்றது சரிதாங்க. சந்தேகத்தோட நான் கத்தி எடுக்க மாட்டேன். பொட்டைய அறுத்துட்டா அந்தத் தோஷம் என்னோட மட்டும் போவாது."

கங்காணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை மீசைக்குள் மறைக்கப் பார்த்தார். இதோடு முடிந்தது என்று நானும் பையை எடுத்தேன். ஆனால் அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.

"ஒங்களுக்கெல்லாம் என்ன? கோழி ஐயா பஸ்ஸு ஏறிப் போயிருவாரு. பூசாரி வீட்டுக்குப் போயிருவாரு. போர்வைக்கு மேல போர்வையாப் போத்தி, இவரு மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தது நானு. நேந்தது நின்னு போயி, திரும்பிக் காச்சல் வந்துருச்சுன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் அவர் என்னிடம் கோழியைப் பற்றியே கேட்கவில்லை. புருஷன் இருப்பாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கங்காணியும் கோழியைப் பற்றிக் கேட்கவில்லை. என்னை மலை ஏற்றிக் கூட்டி வந்ததே, தன் வாயால் சொல்ல முடியாத ஒன்றை என் வாயால் சொல்ல வைக்கத்தான்.

பையைக் கீழே வைத்தேன். "கங்காணி," என்றேன், "இந்தக் குஞ்சக் குடுக்க ஒங்களுக்கு மனசில்ல. அத நீங்க அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

கங்காணியின் கண் சிவந்தது.

"யாரு சொன்னா மனசில்லன்னு? ஒரு கோழிக்குஞ்சுக்கு நான்..." என்று உறுமத் தொடங்கினார். அந்தக் குரலைக் கேட்டதும் தொப்பிக்குள் தூங்கிக்கொண்டிருந்த குஞ்சு விழித்து, கீச்சென்று கத்திக்கொண்டு ஓடி வந்து, அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவில் நின்றது. தோட்டமே பயந்து ஓடும் சத்தத்துக்கு அது மட்டும் ஓடி வருகிறது. கங்காணி குனிந்து குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"காச்சல்ல கெடக்கையில," என்றார், பக்கத்தில் நின்ற எங்களுக்கு மட்டும் கேட்கும் குரலில், "இவளத் தவிர ஒலகமே கிட்ட வரப் பயந்துச்சு. இது ஒண்ணுதான் தாயில்லாம குளிருக்குப் போர்வைக்குள்ள வந்து பூந்துக்கிச்சு. என் ஒடம்பு சூடு அதுக்கு எதமா இருந்திருக்கு. இதோட மூச்சுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே நான் தூங்குவேன். இத எப்புடி நான்..."

அந்த அம்மா முந்தானையை விலக்கிப் பார்த்தார். "இத எங்கிட்டச் சொல்ல இத்தன நாளா வாயில்லையா? மலைக்கு மல கேக்குற வாயி!"

"என் உசுருக்கு நேந்ததாச்சே. அத நானே வேணாங்குறதா?"

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பூசாரி, மாத்திக் கேக்கலாமா?"

"நேந்தது நீங்க. நீங்களே போயிக் கேளுங்க. அங்க நான் வெறும் கத்திதான்" என்றார் பூசாரி.

எல்லோரும் கோயிலுக்கு ஏறினோம். நானும் போனேன். பஸ் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு பெரிய மரத்தடியில் மூன்று கல், ஒரு சூலம், ஒரு விளக்கு. அந்த அம்மா கை கூப்பி நின்று, கடைத்தெருவில் பேரம் பேசுகிற மாதிரி தெளிவாகப் பேசினார்.

"முனியாண்டி சாமி, சேவலோ பொட்டையோ, இத இவருக்கே விட்டுக் குடுத்துரு. அதுக்குப் பதிலா வெள்ளிக்கெழம தவறாம இவரே எண்ண கொண்டாந்து ஒனக்கு வெளக்கு ஏத்துவாரு."

கங்காணி தலையை ஆட்டினார்.

"மழ பேஞ்சாலும் வருவாரு."

கங்காணி கொஞ்சம் தாமதித்து ஆட்டினார்.

"செருப்பு இல்லாம வருவாரு. கோட்டும் தலப்பாவும் இல்லாம, தடி ஊணாம வருவாரு."

"அடியே, போதும்டி" என்றார் கங்காணி.

பூசாரி திருநீற்றை அள்ளி இரண்டு பேர் நெற்றியிலும் பூசினார். "சாமி சரின்னுருச்சு."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று கங்காணி கேட்டார்.

"அது என் வேலைங்க" என்றார் பூசாரி. எனக்குப் பொறாமையாக இருந்தது.

உத்தியோகத்தில் பிற்பாடு எத்தனையோ கோழிகளைப் பார்த்தேன். யாராவது குஞ்சை நீட்டிச் சேவலா பெட்டையா என்று கேட்டால், எதற்குக் கேட்கிறீர்கள் என்று முதலில் கேட்பது வழக்கமாகிவிட்டது. பாதிப் பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, குஞ்சைக் காட்டாமலே திரும்பிப் போய்விடுவார்கள். தெரியாது என்று சொல்லவும் அதன்பின் எனக்குக் கூச்சம் வந்ததில்லை. நீங்களும் சொல்லிப் பழகுங்கள். ஆனால் சொல்லிவிட்டு உடனே பையைத் தூக்காதீர்கள். அந்தப் பதிலால் யார் படியில் உட்கார்ந்து அழுகிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெருமழைக்காலம் முடிந்து மறுபடியும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. கோயில் பாதையில் வெறுங்காலோடு ஒருவர் எண்ணெய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். கோட்டும் தலைப்பாகையும் இல்லாததால் கிட்டே போகும்வரை அடையாளம் தெரியவில்லை. நான்கு முழம் பின்னால் ஒரு கோழி நடந்து வந்தது. நல்ல வளர்த்தி, மினுமினுப்பு. இந்த முறை பார்த்தவுடனே தெரிந்தது. பெட்டை.

"முட்டை போட ஆரம்பிச்சிருச்சுங்களா?" என்றேன்.

"அதக் கேக்காதீங்க" என்றார் கங்காணி. "கழட்டி வச்ச கோட்டுப் பையில மொத முட்டையப் போட்டிருக்கு. எனக்குத் தெரியாது. போட்டுக்கிட்டுப் பெரட்டுக்குப் போயிட்டேன். தொர வந்து பேசுறாரு, நான் குனிஞ்சு சலாம் வைக்கிறேன், பையில சளக்குன்னுச்சு. தொர பாக்குறாரு, ஆளுங்க பாக்குறாங்க, கோட்டுல இருந்து மஞ்சளா ஒழுகுது."

சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரமானது. அவர் பொறுமையாக நின்றார்.

"பொட்டன்னு ஆனப்புறம் வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன். நீ நேந்தது சேவலு, இது பொட்ட, அப்ப இந்த வெள்ளிக்கெழம நட வேணாமேன்னு. நேந்தது நேந்ததுதான்னுட்டா." பெருமூச்சு விட்டார். "நீங்க அன்னிக்கே பொட்டன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எனக்கு இந்த ஏத்தம் மிச்சம்."

"சேவல்னு சொல்லத்தாங்க அன்னிக்கு எனக்கு வாயி வந்துச்சு" என்றேன்.

கங்காணி நின்றுவிட்டார். எண்ணெய்ச் செம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். திரும்பிப் பார்த்தார். பாதை ஓரத்தில் ராசாத்தி ஏதோ புழுவைக் கிளறிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு மேலே ஏறத் தொடங்கினார்.